தண்டல் போட்ட தக்கைச் சட்டை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கணக்கப்பிள்ளை என்றதும் நிழலில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்கு வராது. ஆழம் போதாது என்று மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றி, பாய் விரித்து, கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கரையில் ஏற்றின மூட்டை அத்தனையும் கப்பலில் ஏறுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் தோணியிலேயே கூடப் போகவேண்டும். அந்த ஆள் நான்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். செம்மண்ணும் பனையும்தான் அங்கே. எங்கள் கிணற்றில் வாளி இறங்கும், ஆள் இறங்கமாட்டான். அதனால் நீச்சல் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. வேலை கிடைக்காமல் கடலில் போய் விழுந்துவிட்டான் என்று என்னைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அது நிஜமாகவே நடந்தது.

யுத்தத்தை முன்னிட்டுத் துறைமுகத்தில் ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள். கப்பலுக்குப் போகிற தோணி ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒன்றாகத் தக்கைச் சட்டை இருக்கவேண்டும். இன்றைக்கு லைஃப் ஜாக்கெட் என்கிறார்களே, அதுதான். ஆனால் அந்தக் காலத்துச் சட்டையைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். கித்தான் துணிக்குள் தக்கையைக் கட்டை கட்டையாக வைத்துத் தைத்திருப்பார்கள். தலை வழியாக மாட்டி, விலாப் பக்கம் கயிற்றால் முடிந்துகொள்ளவேண்டும். மாட்டினால் கழுத்தைத் திருப்ப முடியாது. வெயில் ஏற ஏற நாற்றம் வேறு. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் என்று சொன்னார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. தோணியில் கால் வைக்கும்போதே மாட்டிக்கொள்வேன். கரை திரும்பி மண்ணில் கால் வைத்த பிறகுதான் கழற்றுவேன்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டலுக்கு நாற்பது வயது இருக்கலாம். கடற்கரை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதிப் பதில். அவருக்கும் சேர்த்து அவருடைய தம்பி பேசுவான். அவனும் அதே தோணியில்தான் வேலை. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் தக்கைச் சட்டையோடு வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே, "ஏலே, ஆமை வந்தாச்சு, பாயத் தூக்குங்கலே!" என்று கத்துவான். மற்ற நாலு ஆட்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவன் கேலியில் விஷம் கிடையாது. கப்பலில் வெயிலில் நின்று நான் மூட்டை எண்ணும்போது, அவன்தான் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து தருவான்.

அந்த ஆட்கள் யாரும் சட்டை போடமாட்டார்கள். துறைமுக அதிகாரியின் படகு வருகிறது என்றால் மட்டும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்றைத் தலையில் மாட்டுவார்கள். படகு போனதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். தண்டல் அந்த நாடகத்துக்கும் வரமாட்டார். சட்டையைத் துண்டு போலத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அதிகாரியும் கண்டுகொள்ளமாட்டார். துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் முயல் தீவைத் தாண்டினால் சட்டைகள் எல்லாம் தலைக்கு வைத்துப் படுக்கத்தான் உதவும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் தம்பியிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

"அண்ணேன் போட்டாத்தான் நாங்க போடலாம், கணக்கப்புள்ள. அவருக்கு முந்தி நான் மாட்டுனா, அவரு கை மேல எனக்கு நம்பிக்க இல்லன்னு அர்த்தம். மறுநா என்னய தோணிக்குக் கூப்பிட மாட்டாவ."

"சரி, அவர் போட வேண்டியதுதானே?"

"தண்டல் சட்டை போட்டா தோணியக் கைவிட்டாச்சுன்னு அர்த்தம். கைவிட்டவனுக்கு அப்புறம் எவன் தோணி குடுப்பான்?"

"அப்போ நான் போடுகிறேனே?"

"நீரு கரைக்காரரு. ஒம்ம யாரு கணக்குல சேத்தா?" என்று சிரித்தான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மூழ்கும்போது போட வேண்டிய சட்டைக்கு இத்தனை மரியாதையும் வரிசையுமா என்று நினைத்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள், நான் வாளி இறங்குகிற ஊர்க்காரன்.

அது நடந்தது வாடைக் காலத்தின் தொடக்கத்தில். காலையில் வானம் சுத்தமாகத்தான் இருந்தது. தோணி நிறைய உப்பு மூட்டை. தீவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், வடகிழக்கில் மை தடவின மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தண்டல் அதைப் பார்த்துவிட்டுப் பாயைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். அவர்கள் இறக்கி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. காற்று என்று சொன்னால் போதாது. பாய்மரம் முனகியது. மழை பக்கவாட்டில் அடித்தது. எதிரே நின்ற கப்பல் மறைந்துபோனது, திரும்பிப் பார்த்தால் கரையும் இல்லை.

முதல் அலை உள்ளே வந்ததும் உப்பு மூட்டைகள் நனைந்தன. நனைந்த உப்பைச் சுமந்துகொண்டு தோணி எழமாட்டேன் என்றது. நாலு ஆட்களும் மூட்டைகளைப் புரட்டிக் கடலில் தள்ள ஆரம்பித்தார்கள். தம்பி ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் இறங்கி, குனிந்து தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். மேலேயிருந்து பார்த்தால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. தண்டல் பின்பக்கம் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து, போதாததற்கு நெஞ்சாலும் அழுத்திக்கொண்டு நின்றார். அதை விட்டால் தோணி அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். திரும்பினால் கதை முடிந்தது. எனக்கே அது புரிந்தது.

சட்டைப் பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது. ஆட்டத்தில் மூடி திறந்துகொண்டு, சட்டைகள் வெளியே தெரிந்தன. நாலு ஆட்களும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு தண்டலைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் திரும்பவும் மூட்டையில் கை வைத்தார்கள். ஒருவர் உதடு மாதாவை அழைத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் பெட்டியைவிட்டு அகலவில்லை. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. "போடுங்களேன்! எடுத்துப் போடுங்களேன்!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. நான் கரைக்காரன்.

அப்போதுதான் தண்டல் என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கப்புள்ள! ஒரு சட்டைய எடுத்து எனக்கு மாட்டிவிடும்!"

காதில் விழுந்தது சரிதானா என்று விழித்தேன்.

"கைய விட முடியாது வே! மாட்டிவிடும்! அவனுவ பாக்கணும்!"

அந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. தவழ்ந்து போனேன். எழுந்து நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. பெட்டியிலிருந்து ஒரு சட்டையை இழுத்து, அவர் முழங்காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, மரத்தைப் பற்றுகிற மாதிரி அவரைப் பற்றி எழுந்தேன். தலைவழியே மாட்டும்போது ஒரு கணம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் முகத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்கிறேன். விலாப் பக்கம் கயிற்றை இழுத்து, எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றைப் போட்டேன். எங்கள் ஊரில் கருப்பட்டி ஓலைப்பெட்டியைக் கட்டுகிற முடிச்சு. வண்டியில் எத்தனை மைல் போனாலும் தளராது. அவிழ்ந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் இன்னொன்றும் போட்டேன்.

"போடுங்கலே!" என்று அவர் கத்தினார்.

நாலு பேரும் பெட்டிமேல் பாய்ந்தார்கள். அத்தனை நேரம் பிடித்துவைத்திருந்த பயமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஒருவர் சட்டையைத் தலைகீழாக மாட்டினார். தம்பி மட்டும் குனிந்து இறைத்துக்கொண்டே இருந்தான். அவன் முதுகு எங்களுக்கு, முகம் பள்ளத்துக்கு. அண்ணன் சட்டை போட்டதை அவன் பார்க்கவில்லை. தண்டல் அவன் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அந்தக் காற்றில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. ஓர் ஆள் மிச்சமிருந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவனை நோக்கி மூட்டைகள்மேல் ஏறினார். அதற்குள் பெரிய அலை ஒன்று வந்து தோணியைக் கவிழ்த்துவிட்டது.

அதன்பிறகு எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர்தான். மூக்கு, வாய், கண் எல்லாம் உப்பு. ஏதோ ஒன்று என்னைக் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கியது. அது அந்த நாறின சட்டை. கண்ணைத் திறந்து பார்த்தபோது தோணியின் அடிப்பாகம் கறுப்பாக மிதந்தது. சுற்றிலும் நாலு தலை. ஐந்தாவது தலை தண்டலுடையது.

அவர் தோணிக்கு அடியில் போகப் பார்த்தார். தம்பி அந்தப் பக்கம் வரவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. நீச்சலில் அந்தக் கரையிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தோணி அவன்மேல் கவிழ்ந்திருந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தார். சட்டை விடவில்லை. மேலே தூக்கிப்போட்டது. திரும்பவும் முங்கினார். திரும்பவும் தூக்கிப்போட்டது. விலாப் பக்கம் கையைவிட்டு முடிச்சைப் பிய்த்தார். ஈரத்தில் இறுகின முடிச்சு, விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடிக்கக் கழுத்தைத் திருப்பினார். அந்தச் சட்டை போட்டவனால் கழுத்தைத் திருப்ப முடியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? வெறும் கையால் தோணியின் பலகையை அடித்து அடித்துக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது.

காற்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. பின்னால் வந்த இன்னொரு தோணி எங்களைத் தூக்கியது. தண்டலை இழுத்து ஏற்ற அத்தனை பேரும் வேண்டியிருந்தது.

தோணி வருவதைப் பார்த்ததுமே கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாங்கள் இறங்கினோம். கூட்டத்தின் கண்ணெல்லாம் தண்டலின் மார்பில் இருந்த சட்டையின் மேல் போய் நின்றது. அந்தச் சட்டையை ஒரு தண்டல் போட்டு அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய தாய் முன்னே வந்தாள். இறங்கினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, சின்ன மகன் இல்லை என்று தெரிந்துகொண்டு, பெரியவன் முன்னால் வந்து நின்றாள்.

"நீ மாட்டிக்கிட்டியாலே? அவனுக்கு ஒண்ணு குடுக்க ஒனக்கு மனசு வரலையாலே?"

 யாரோ முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஒருவர் கத்தியால் கயிற்றை அறுத்தார். அத்தனை பேர் நடுவிலும் தண்டல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் போட்ட முடிச்சு அறுபட்டுக் காலடியில் விழுந்தது.

தம்பியின் உடல் பிறகு கரை ஒதுங்கியது. அந்தத் துக்கத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததை நான் எல்லோரிடமும் சொன்னேன். தோணியின் முதலாளியிடம் சொன்னேன். கடற்கரைக் காப்பிக்கடையில் சொன்னேன். அந்தத் தாயின் வாசலில் போய் நின்றும் சொன்னேன். ஆட்கள் போடவேண்டும் என்பதற்காகத்தான் அவர் போட்டார், சுக்கானை விட்டு ஒரு விரல்கூட எடுக்கவில்லை, நான்தான் கட்டிவிட்டேன் என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கரைக்காரருக்குக் கடல் சங்கதி என்ன தெரியும் என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது. அந்தத் தாய் மட்டும் நான் சொல்லி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சட்டை போட்டிருந்தாலும் கவிழ்ந்த தோணிக்கு அடியில் அது அவனுக்கு என்ன செய்திருக்கும்? எனக்கே தெரியாது. பெற்றவளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

பிழைத்த நாலு பேரும் வேறு தண்டல்களிடம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரை உப்புக் கொட்டகைப் பக்கம் பிடித்துக் கேட்டேன், நீங்கள் சொன்னால் ஊர் நம்புமே என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரு போட்டதுனாலதான் நாங்க உசுரோட இருக்கோம், கணக்கப்புள்ள. இல்லன்னு சொல்லல. ஆனா போட்டவரு தோணியில எப்பிடி ஏற?"

இன்றுவரை அந்த வார்த்தையை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நன்றி கெட்டவர் என்று அவரை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

யாரும் தண்டலுக்குத் தோணி கொடுக்கவில்லை. சுக்கான் பிடித்த அதே கைகளால் கொஞ்ச காலம் உப்பு மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போனால் தலையை அசைப்பார். தம்பியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு கொழும்புத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

கொழும்புக் கப்பலும் தள்ளித்தான் நிற்கும். பிரயாணிகளை லாஞ்ச் என்கிற இயந்திரப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அவர் போன அன்றைக்குக் கம்பெனி வேலையாக நானும் அதே லாஞ்சில் போகவேண்டியிருந்தது. வேண்டுமென்றுதான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி அசைவில்லாமல் கிடந்தது. அவரை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. லாஞ்ச் கட்டியிருந்த துறைமுகப் பாலத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த தோணி ஆட்கள் மட்டும் அவரை அடையாளம் கண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாலு பேரில் இருவரும் அங்கே இருந்தார்கள்.

லாஞ்சுக்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: பலகைக்கு அடியில் சட்டை இருக்கிறது, உத்தரவு, போட்டுக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஒருவரும் குனியக்கூட இல்லை. லாஞ்ச் இன்னும் கிளம்பவில்லை.

தண்டல் எழுந்தார். பலகைக்கு அடியில் கைவிட்டு ஒரு சட்டையை எடுத்து, உதறி, தலைவழியே மாட்டிக்கொண்டார்.  பாலத்தில் நின்றவர்களுக்கு நேராகத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் வந்து விலாவைக் காட்டினார்.

"கட்டிவிடும்."

இந்தத் தடவை அவர் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. அவரே கட்டிக்கொண்டிருக்கலாம். நான் எழுந்து கயிற்றை எடுத்தேன்.  ஓலைப்பெட்டி முடிச்சைப் போடவில்லை. நுனியை மடக்கிவிட்டு, இழுத்தால் கழன்றுவிடுகிற முடிச்சாகப் போட்டேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவுந்துருமா?"

"இழுத்தா அவுந்துரும் அண்ணாச்சி."

தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பலகைக்கு அடியில் இன்னொரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாஞ்ச் கிளம்பியது. பிரயாணிகள் எங்கள் இருவரையும் ஒருமாதிரி பார்த்தார்களே தவிர, வேறு யாரும் போடவில்லை. பாலத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை.

முயல் தீவைத் தாண்டும்போது அவர் அன்றைக்குக் காற்று வந்த வடகிழக்குப் பக்கமாக முகத்தைத் திருப்பினார். கப்பலின் ஏணிக்குக் கீழே லாஞ்ச் நின்றதும் நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. அவிழ்ந்த கயிற்றைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். சட்டையைக் கழற்றி, மடித்து, என் மடியில் வைத்துவிட்டு ஏணியில் ஏறிப்போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவும் இல்லை.

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. பெட்டியோ மூட்டையோ கட்டுவதற்காக ஒரு கயிற்றைக் கையில் எடுத்தால், அந்த ஈரக் கித்தான் இன்னும் என் விரலில் படுகிறது. நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகத் தன் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டவருக்கு, தம்பியைத் தேடி ஒரு தடவை முங்குகிற அளவுக்காவது அவிழ்கிற முடிச்சை நான் போட்டிருக்கக் கூடாதா என்று மனசு கேட்கிறது, போட்டிருந்தால் அவரும் மேலே வந்திருக்கமாட்டார் என்று அதே மனசு பதிலும் சொல்கிறது.